நாவடக்கமும் நாவச்சமும்

மதுராந்தகத்திற்கு அருகில் உள்ள வேடந்தாங்கல் ஏரியை நம் வாசகருள் பலர் கண்டிருப்பர். வந்தவாசி வட்டாரத்திலிருந்து சென்னைக்குச் சென்று வரும் நம்மவர்க்கு அவ்வூர் தொலைவன்று. வேடரின் பெயரைத் தாங்கிய ஓர் ஊர் பறவைகளின் புகலிடமாகத் திகழ்வது எண்ணி மகிழத்தக்கது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உள்ள அவ்வேரியின் மரங்களில், ஐப்பசி, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை, நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் பல்லாயிரக்கணக்கில் வந்து தங்கிக் குஞ்சு பொரிக்கின்றன. கும்பினியார் ஆட்சிக் காலத்தில் படைவீரர்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூரார்க்கு எழுதிக் கொடுத்தார் என்பர். அரசு அவ்வேரியைச் சரணாலயமாக ஏற்றதோ 1936ஆம் ஆண்டில்தான். சட்டம் வருமுன்பே அங்கு ஒழுக்கம் இருந்தது.

பறவைகள் அஞ்சி ஓடிவிடும் என்பதற்காகத் தீபாவளியன்றும் அவ்வூரார் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயல்களுக்கு உரமாவதும் அவர்கட்குத் தெரியும். ஆயினும் நாம் இங்குக் கருதுவது வேறொன்று. அவ்வூரார் வாயற்றவர் அல்லர். துப்பாக்கி ஏந்தி வந்தவர்க்கு எதிராக ஆட்சியரிடம் சென்று பேசிய வாய் அவர்களுடையது. பறவையின் முன் அடங்கிய நாவும் துப்பாக்கியின் முன் அடங்காத நாவும் ஒன்றே. எளியவர்க்குத் தீங்கு நேருமோ என்று அடங்குவது நாவடக்கம். வலியவரால் தமக்குத் தீங்கு நேருமோ என்று அடங்குவது நாவச்சம். புறத்தே பார்ப்பவர்க்கு இரண்டும் மௌனமாகவே தோன்றும். அகத்தே இரண்டிற்கும் மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, இக்காலத்தில் பெரிதும் வாதிக்கப்படும் ஒரு வினாவை நாம் ஆராயப் புகுகின்றோம். ஒரு பத்திரிகையாளர், ஓர் இனத்தாரையோ சமயத்தாரையோ பற்றித் தம் உள்ளத்தில் உள்ள வெறுப்பையோ அச்சத்தையோ வெளிப்படச் சொல்லிவிடுகிறார். அதற்காக அவரைப் பணியினின்று நீக்குவது அறமாகுமா?

மேலைநாட்டார் 'பொலிடிகல் கரெக்ட்னஸ்' என்று ஒரு தொடரை வழங்குகின்றனர். அதனைத் தமிழில் 'அரசியல் சரித்தன்மை' என்பர். எளியோரையும் சிறுபான்மையோரையும் புண்படுத்தும் சொற்களைப் பொதுவிடத்தில் விலக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதனை ஒருசாரார் நாகரிகம் எனப் போற்றுகின்றனர். மற்றொரு சாரார், உண்மையை உரைப்பவர் வாயை அடைக்கும் சூழ்ச்சி எனத் தூற்றுகின்றனர். ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு மறுபக்கத்தை ஏசுவது எளிது. ஆனால் அது நமக்கு உரிய நெறியன்று. நிகழ்ந்தவற்றை முதலில் பார்ப்போம்.

இரு நிகழ்ச்சிகள்

அமெரிக்க நாட்டில் 2010ஆம் ஆண்டில், சில திங்கள் இடைவெளியில், புகழ்பெற்ற பத்திரிகையாளர் இருவர் தம் சொல்லால் பதவி இழந்தனர்.

முதலாமவர் ஹெலன் தாமஸ் அம்மையார். கென்னடி முதல் ஒபாமா வரை பத்துக் குடியரசுத் தலைவர்களிடம் அஞ்சாது வினாத் தொடுத்தவர். வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூடத்தின் முதல் வரிசையில் அவர்க்கென ஓர் இருக்கை இருந்தது. 2010 மே மாதத்தில் ஒருவர் இஸ்ரேலைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார். யூதர்கள் பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறிப் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் திரும்பிப் போகட்டும் என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது வேறு. அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பெருங்கொடுமைக்குக் களமான நாடுகளுக்கே எஞ்சியவரின் வழியினரைப் 'போ' எனல் வேறு. அம்மையார் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் ஜூன் 7ஆம் நாள், தம் 89ஆம் வயதில், ஓய்வு பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது.

இரண்டாமவர் ஹுவான் வில்லியம்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்ட வரலாற்றை நூலாக எழுதியவர், தாமும் அவ்வினத்தவர். என்.பி.ஆர். என்னும் பொது வானொலி நிறுவனத்தில் செய்தி ஆய்வாளராக இருந்தார். 2010 அக்டோபர் 18ஆம் நாள் வேறொரு தொலைக்காட்சியின் விவாதத்தில், விமானத்தில் ஏறும்போது முஸ்லிம்களுக்குரிய உடை அணிந்தவரைக் கண்டால் தமக்குக் கலக்கமும் அச்சமும் உண்டாவதாகச் சொன்னார். அதே விவாதத்தில், தீவிரவாதிகள் சிலரின் செயலுக்காக முஸ்லிம்கள் அனைவரையும் பழித்தல் கூடாது என்றும் எச்சரித்தார். இரண்டு நாளில் வானொலி நிறுவனம் அவரது ஒப்பந்தத்தை முறித்தது. செய்தி தொலைபேசி வழியே அவர்க்குச் சொல்லப்பட்டது. அவர் தம் உணர்ச்சிகளை மனநல மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்னும் பொருள்பட நிறுவனத் தலைவர் பேசி, பின்னர் அச்சொல்லுக்காக அவரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவ்விவாதத்தை நடத்திய தொலைக்காட்சியோ வில்லியம்ஸுக்குப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் கொடுத்தது. நீக்கம் நடந்த முறையைப் பற்றி ஆய்வு நடத்தப்பட்டு, 2011 ஜனவரியில் அந்நீக்கத்தில் முன்னின்ற செய்திப் பிரிவுத் தலைவர் பதவி விலகினார்.

இருவர் சொல்லும் ஒரே தராசில் வைக்கத்தக்கவையா என்பதே நாம் முதலில் எண்ண வேண்டுவது.

ஏகாரம் செய்யும் தீங்கு

நம் முன்னோர் பொருள்களை அறியும் முறையை வகுத்தபோது, ஒரு பொருளின் ஒரு கூற்றை மட்டும் கண்டு உரைப்பதை 'நயம்' என்றனர். அக்கூறே முழுப்பொருள், பிற கூறுகள் இல்லை என்று மறுத்து உரைப்பதைத் 'துர்நயம்' என்றனர். முன்னது குறையறிவு, குறையென்று தன்னை அறிந்த அறிவு. பின்னது குறையை நிறைவென்று கொள்ளும் மயக்கம். 'ஒருவகையால்' என்னும் அடைமொழி சொல்லைக் காக்கிறது. தேற்றேகாரம் சொல்லைக் கெடுக்கிறது. 'அவருள் சிலர் இவ்வாறு செய்தனர்' என்பது செய்தி. 'அவர்களே இப்படித்தான்' என்பது வெறுப்பு. இரண்டிற்கும் இடையே உள்ளவை ஓர் ஏகாரமும் 'தான்' என்னும் ஓர் இடைச்சொல்லும்.

இவ்வளவையைக் கொண்டு பார்த்தால், வில்லியம்ஸ் தம் அச்சத்தைத் தம் அச்சமாகவே சொன்னார். அது எல்லார்க்கும் பொருந்தாது என்பதையும் உடன் சொன்னார். தாமஸ் அம்மையாரின் சொல்லில் அத்தகைய அடைமொழி எதுவும் இல்லை. ஒரு மக்கட்கூட்டம் முழுவதையும் அது ஒரே மூச்சில் வெளியேற்றியது.

ஆயினும் வில்லியம்ஸ் சொல்லில் தீங்கே இல்லை என்றும் நாம் கூறோம். அவ்வுடை அணிந்து, பிள்ளைகளோடு விமானம் ஏறும் ஒரு தாயின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். அறிவும் அனுபவமும் உடைய ஒருவர், நாடறியப் பேசும் இடத்தில், 'உன்னைக் கண்டால் எனக்கு அச்சம்' என்கிறார். அடுத்த பயணத்தில் தன்னைப் பார்க்கும் ஒவ்வொரு கண்ணிலும் அத்தாய் அச்சொல்லையே காண்பாள். உள்ளத்தில் எழும் அச்சத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்வது வாய்மைதான். அதனை எங்கு, யார் கேட்க, எதற்காகச் சொல்கிறோம் என்று பார்ப்பதே பாஷா சமிதி. வாய்மையும் சமிதியும் ஒன்றையொன்று ஒழிப்பன அல்ல.

பிறிதொன்றும் எண்ணத்தக்கது. பத்திரிகையாளர் என்பவர் தனியொருவர் மட்டும் அல்லர். நாம் நேரில் சென்று காண முடியாதவற்றை நமக்காகச் சென்று கண்டு, நாம் கேட்க முடியாதவரை நமக்காகக் கேட்டு வருபவர் அவர். நடுவராக அமர்பவர் ஒரு பக்கத்தாரை முன்பே வெறுப்பவர் என்று தெரிந்தால், அவர் தீர்ப்பை அப்பக்கத்தார் நம்புவரோ? ஆதலின், 'வாயால் ஏதோ சொன்னார், அதற்கும் அவர் வேலைக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்பது பொருந்தாது. தச்சர் ஒருவர் வெறுப்பைப் பேசினால் அவர் செய்த நாற்காலி ஆடப்போவதில்லை. செய்தியாளர் பேசினால் அவர் செய்தி ஆடும்.

நீலகேசியின் கதையை நம் இல்லங்களில் கேட்டிருப்போம். அவள் புத்தரோடும் ஆசீவகரோடும் சாங்கியரோடும் வேதவாதியரோடும் பூதவாதியோடும் மாறுபட்டாள். ஆனால் அவர்களில்லாத இடத்தில் அவர்களைப் பழித்துத் திரியவில்லை. அவரவர் இருக்குமிடம் தேடிச் சென்று, அவர் வாதத்தைக் கேட்டு, நேர்நின்று விடையிறுத்தாள். கருத்தை மறுப்பதற்கும் கூட்டத்தை வெறுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது முகத்துக்கு நேரே நடப்பது; பின்னது பெரும்பாலும் முதுகுக்குப் பின்னே நடப்பது. திருவள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததன் நுட்பம் இங்கு விளங்கும்.

நம் தமிழகத்தில்

தொலைநாட்டு நிகழ்ச்சிகளைக் கண்டோம். நம் மாநிலத்தில் நிகழ்ந்தவை இரண்டையும் காண்போம்.

2018 ஏப்ரல் மாதத்தில், செய்தியாளர் கூட்டத்தின் முடிவில் வினாக் கேட்ட பெண் செய்தியாளர் ஒருவரின் கன்னத்தை அன்றைய ஆளுநர் தட்டினார். எதிர்ப்பு எழவே, அவர் மன்னிப்புக் கேட்டார். அதனையொட்டி, நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தம் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். தாம் எழுதியதன்று, படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி, அதனை நீக்கி, மன்னிப்பும் கேட்டார். வழக்கு நின்றது. பகிர்ந்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறி, வழக்கை நீக்க மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவர்க்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இத்தீர்ப்பு நம்மவர்க்குப் புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் வினையாகவே எண்ணும் மரபு நம்முடையது. பிறர் எழுதிய இழிசொல்லை ஒரு விரலால் தொட்டு நூறு பேர்க்கு அனுப்புவது, செய்வித்தலும் உடன்படுதலும் ஒருங்கே ஆகும். 'நான் எழுதவில்லை' என்பது விடையாகாது. இங்கு இழிவுக்கு ஆளானோர் பத்திரிகைத் தொழில் செய்யும் பெண்கள் என்பதையும் மறத்தல் கூடாது. வெறுப்புச் சொல் தமக்கு வேலை கிடைத்த வழியையே ஐயத்துக்கு உள்ளாக்கும்போது, அத்தொழிலில் நிற்பதே அவர்க்குப் போராட்டமாகிறது. சொல்லுக்காக வேலை இழப்பவரைப் பற்றி நாம் பேசுகின்றோம். பிறர் சொல்லால் வேலையில் நிற்க முடியாமல் போகின்றவரைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

மற்றொரு நிகழ்ச்சி 2020 ஜூலையில் நடந்தது. நியூஸ்18 தமிழ்நாடு தொலைக்காட்சியின் ஆசிரியராக இருந்தவர் மு. குணசேகரன். அவரும் அவருடன் பணியாற்றிய சிலரும் குறிப்பிட்ட கொள்கைச் சார்பு உடையவர்கள் என இணையக் காணொளிகளில் தொடர்ந்து குற்றஞ்சாட்டப்பட்டனர். பிறகு அம்மாத இறுதியில் அவர் பதவி விலகினார். வேறு தொலைக்காட்சி ஒன்றில் பணியேற்றார். அவரது கருத்துகளோடு நம் வாசகருள் சிலர் உடன்படுவர், சிலர் உடன்படார். அது இங்கு வினாவன்று. 'இன்ன நாளில் இன்ன சொல்லைச் சொன்னார், அச்சொல் இன்னாரைப் புண்படுத்திற்று' என்று எடுத்துக்காட்டி விசாரிப்பது ஒரு முறை. 'இவர் அந்தப் பக்கத்தவர்' என்று கூட்டம் கூடி ஆரவாரம் செய்வது முற்றிலும் வேறு. முன்னதில் ஒரு குற்றத்தை ஆராய்கிறோம். பின்னதில் ஒரு மனிதரையே குற்றமாக்குகிறோம். வெறுப்பைத் தண்டிக்கப் புறப்பட்டவர், அடையாளத்தை வைத்து ஒருவரை விலக்கும்போது, தாம் தண்டிக்கப் புறப்பட்டதையே தாமும் செய்பவராகின்றனர்.

உத்திரமேரூர்ச் சுவர்

அங்ஙனமாயின், பதவியினின்று நீக்குவதே கூடாதோ? கூடும் என்பதே நம் கருத்து. ஆனால் அதற்கு ஒரு முறை வேண்டும். அம்முறையைத் தேடி நாம் மேலைநாடு செல்ல வேண்டியதில்லை. வேடந்தாங்கலுக்கு அண்மையிலேயே உத்திரமேரூர் இருக்கிறது.

முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கோயிற் சுவரில் வெட்டுவித்தது. யார் வரலாம், யார் வரக்கூடாது, எத்துணைக் காலம் பதவி என்பன அதில் உள்ளன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பதவியில் இருக்கும்போது குற்றம் கண்டால் நீக்குவதற்கும் விதி இருந்தது. எல்லா மக்களுக்கும் அச்சபையில் இடமிருந்ததில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. விதி முன்பே எழுதப்பட்டது. எல்லாரும் காணும் சுவரில் எழுதப்பட்டது. ஒருவர்மேல் சினம் எழுந்த அன்றைக்குப் புதிதாகச் செய்யப்பட்டதன்று.

இக்காலப் பத்திரிகை நிறுவனங்களில் காணும் குறை பெரும்பாலும் இதுவே. வெறுப்பை விற்பனைப் பொருளாக்கும் விவாத மேடைகளை ஆண்டு முழுவதும் நடத்துகின்றனர். ஆரவாரம் எழும் ஒருநாளில், மேடையில் இருந்த ஒருவரை மட்டும் வெளியேற்றித் தம்மைத் தூய்மையானவராகக் காட்டிக்கொள்கின்றனர். இதனை நீதி என்று கூறல் இயலாது. கூட்டத்துக்கு ஒருவரைக் காட்டிக் கொடுத்துத் தாம் தப்பிக்கும் செயல் இது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பத்திரிகை மன்றம், ஒழுக்கம் தவறிய செய்தித்தாளையோ ஆசிரியரையோ பத்திரிகையாளரையோ, அவர் தரப்பைக் கேட்டபின், எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். பணியினின்று நீக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பல் இல்லாத மன்றம் என இதனை எள்ளுவோர் உளர். ஆனால் 'இது தவறு' என்று காரணம் காட்டி, பெயர் சொல்லி, எல்லாரும் அறியக் கூறுவது சிறு தண்டனை அன்று. தொலைபேசியில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதைக் காட்டிலும் அது அறத்துக்கு அணுக்கமானது. ஏனெனில் முன்னதில் தவறு இன்னதென்று எல்லாரும் கற்கின்றனர். பின்னதில் வாயைத் திறக்கக்கூடாது என்பதை மட்டுமே கற்கின்றனர். வாய் மூடிய வெறுப்பு இறந்துவிடுவதில்லை. எதை அச்சிடுவது, எதை விடுவது, யாரை வேலைக்கு எடுப்பது என்னும் முடிவுகளில் அது ஓசையின்றி வேலை செய்யும்.

ஆகவே பதவி நீக்கத்தை எண்ணும் முன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும் எனக் கருதுகின்றோம். சொன்னவர் ஒரு கூட்டம் முழுவதையும் பழித்தாரா, அன்றித் தம் உள்ளத்தின் குறையைச் சொன்னாரா? அவர் சொல்லும் அவர் ஏற்ற பணியும் முரண்படுகின்றனவா? அவர் விடையைக் கேட்டபின், திருந்த வழி கொடுத்தபின், முன்பே அறிவித்த விதியின்படி முடிவு எடுக்கப்படுகிறதா? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்து, இனி அவரைப் பாதிக்கப்பட்டோர் நம்புதல் இயலாது என்று ஆனால், அவர் அப்பொறுப்பினின்று விலகுவது முறையே. தாமஸ் அம்மையார் கருத்துரைக்கும் இடத்தினின்று விலகியதை நாம் தவறென்னோம். அவர் அரை நூற்றாண்டு ஆற்றிய பணியையும் அதனோடு சேர்த்து அழித்துவிடுவோர் பக்கமும் நில்லோம். வில்லியம்ஸ் அழைத்துப் பேசப்பட்டிருக்க வேண்டும். அவர் அஞ்சியதாகச் சொன்ன மக்களின் நடுவே சென்று, அவர் வாழ்வைக் கண்டு எழுதும் பணி அவர்க்குக் கொடுக்கப்பட்டிருந்தால், கேட்டவர் அனைவர்க்கும் அது பயன்பட்டிருக்கும்.

நம்மை எள்ளியபோது

பிறர் புண்பட்டதைப் பற்றி நடுநிலையோடு பேசுவது எளிது. நாமே புண்பட்டபோது எப்படி இருந்தோம் என்பதே உரைகல்.

2016 ஆகஸ்டு 26ஆம் நாள், திகம்பர முனிவர் தருண் சாகர் மகாராஜ் அரியானா மாநிலச் சட்டப்பேரவையில் அறவுரை நிகழ்த்தினார். அவரது ஆடையிலா நிலையை எள்ளி, திரைப்பட இசையமைப்பாளர் விஷால் தத்லானி இணையத்தில் எழுதினார். அரசியல் விமரிசகர் தெஹ்சீன் பூனாவாலாவும் முனிவரை இழித்து எழுதினார். சட்டமன்றத்தில் சமயத் துறவி ஒருவர் பேசலாமா என்பது கேட்கத்தக்க வினாவே. குடியாட்சியில் அதனைக் கேட்க எவர்க்கும் உரிமை உண்டு. ஆனால் அவ்வினாவைக் கேட்க ஒரு துறவியின் உடலை எள்ள வேண்டியதில்லை. எல்லாப் பற்றையும் விட்டதன் அடையாளமாக நாம் வணங்கும் திருமேனி, அறியாதவர்க்கு நகைப்பொருளாயிற்று. நாடெங்கும் நம்மவர் உள்ளம் கொதித்தது. தத்லானி மன்னிப்புக் கேட்டார். தாம் சார்ந்திருந்த அரசியல் பணிகள் அனைத்தினின்றும் விலகுவதாகவும் அறிவித்தார்.

'கசப்பான அறவுரைகள்' எனப் பெயர் பெற்ற சொற்பொழிவுகளை ஆற்றியவர் அம்முனிவர். ஆயினும் இதில் அவர்க்குக் கசப்பில்லை. தமக்குச் சினம் இல்லை என்றார்; மன்னித்தார். புகார் கொடுத்தவர் அவர் அல்லர், வேறொருவர். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 செப்டம்பர் 1ஆம் நாள் முனிவர் மறைந்தார். 2019இல் பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றம் வழக்கை நீக்கிற்று. ஆயினும் இருவரும் ஆளுக்குப் பத்து இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. குற்றம் இல்லையென்று வழக்கை நீக்கியபின் தொகை விதிப்பது பொருந்தாது, அறக்காவல் செய்வது நீதிமன்றத்தின் பணியன்று என்னும் கருத்தால், 2025 ஏப்ரல் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது.

எள்ளப்பட்டவர் சில நாளில் முடித்துவிட்டதை, எள்ளப்படாதவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு சுமந்தனர். இதில் எது அம்முனிவர்க்குச் செய்த சிறப்பு? இத்தீர்ப்பினால் நமக்கு இழுக்கு நேர்ந்ததாக வருந்துவோரும் நம்முள் உளர். அவ்வருத்தத்தின் வேரில் பக்தி இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முனிவர் கொடுத்த மன்னிப்பைத் திரும்பப் பெறும் உரிமையை அவர் எவரிடமும் ஒப்படைத்துச் செல்லவில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு. மன்னித்தல் புண்பட்டவர்க்கே உரியது. பதவியில் வைத்திருப்பதா வேண்டாவா என்பது அப்பதவியை நம்பியிருப்போர்க்கும், அதனை அளித்தவர்க்கும் உரியது. ஒருவரை முழுமனத்துடன் மன்னித்தபின்னும், 'நடுவராக இனி நீர் இருத்தல் இயலாது' என்று கூறலாம். அதில் பகையில்லை. அதுபோலவே, ஒருவரைப் பதவியில் தொடரவிட்டும் அவர் சொல்லைக் கடுமையாக மறுக்கலாம். அதில் கோழைத்தனமில்லை. இவ்விரண்டனுள் எதுவும் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு உரியதன்று.

நம் இல்லங்களில்

இதுவரை கூறியவை பத்திரிகையாளர்க்கும் புகழுடையார்க்கும் மட்டும் உரியன என்று வாசகர் கருதிவிட வேண்டா. இன்று ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் கைப்பேசி உண்டு; அதில் பத்துக் குழுக்கள் உண்டு. செய்தியைத் தெரிந்தெடுத்துப் பிறர்க்கு அனுப்பும் ஒவ்வொருவரும் அவ்வளவில் பத்திரிகையாளரே. அவரை நீக்க ஆசிரியரும் இல்லை, கண்டிக்க மன்றமும் இல்லை. ஆதலின் அவர்க்கு நாவடக்கம் இன்னும் மிகுதியாக வேண்டப்படுகிறது. தத்துவார்த்த சூத்திரம் சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணுமிடத்து, பொய்ம்மையான எழுத்தை உண்டாக்குதலையும் பிறர் மறைபொருளை வெளியிடுதலையும் சேர்த்துள்ளது. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் எண்ணப்பட்டவை இவை. ஒரு விரலசைவில் உலகெங்கும் எழுத்துப் பரவும் நாளில் அவற்றின் பொருள் எத்துணை விரிந்துள்ளது!

தமிழ்ச் சமணர் என்று நாம் சொன்னால், 'நீங்கள் வடநாட்டுச் சேட்டா?' என்று கேட்போர் இன்றும் உளர். கேட்பவர் முகத்தில் வட்டிக்கடையின் நினைவு எழுவதையும் காண்கிறோம். ஈராயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் உழுது வாழும் மக்களாகிய நமக்கு அது வருத்தமே. நம்மவருள் பலர், 'ஐயா, நாங்கள் சேட்டு அல்லோம், தமிழர்' என்று விடையிறுத்து அமைகின்றனர். விடை உண்மையானதே. ஆயினும் அது தம்மை மட்டும் விடுவித்துக்கொள்கிறது. சேட்டு என்னும் சொல்லில் ஏற்றப்பட்ட இழிவை வந்தவர் கையிலேயே விட்டுவிடுகிறது. 'தமிழர்தாம், சேட்டுகளிலும் எல்லாரையும் போலப் பலவகையினர் உளர்' என்று இன்னும் ஒரு தொடர் சேர்த்தால் விடை முழுமை பெறும். நம்மீது விழுந்த கல்லைப் பக்கத்து வீட்டின்மேல் தள்ளிவிடுதல் அகிம்சை ஆகாது.

வீடு வாடகைக்கு விடும்போதும் இதுவே. நம் மனையில், நம் அடுப்பில் ஊன் புகாதிருத்தல் நம் நோன்பு. அதனைப் பணிவுடன் கூறலாம். ஊன் உண்பார் அனைவரும் இரக்கமற்றவர், இன்ன சாதியார் அழுக்குடையர், இன்ன சமயத்தார் நம்பத்தகாதவர் என்று குழந்தைகள் கேட்கப் பேசுதல் நோன்பின் பகுதியன்று. அப்பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை நாளை செய்தியாளனாகவோ ஆசிரியையாகவோ அமரும்போது, வெளியே அடக்கியும் உள்ளே வைத்தும் வாழும். ஒரு நாள் ஒலிபெருக்கியின் முன் அது வெளிப்படும். அன்று அவர் வேலை இழந்தால் நிறுவனத்தை நோவதா, அவர் வளர்ந்த வீட்டுத் திண்ணையை நோவதா?

பரியூஷண நாட்கள் முடிந்து க்ஷமாவணியன்று, நாம் ஒருவரை ஒருவர் கண்டு பிழை பொறுக்க வேண்டுகின்றோம். பெரும்பாலும் உறவினரையும் நண்பரையுமே வேண்டுகின்றோம். நாம் யாரைப் பற்றிப் பேசினோமோ அவர்கள் அங்கு இருப்பதில்லை. வரும் ஆண்டில், ஓராண்டாக நம் வாயிலும் கைப்பேசியிலும் இழித்துரைக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரை ஒவ்வொரு குடும்பமும் நினைவுகூர்ந்து, அவருள் ஒருவரையேனும் நேரில் சென்று கண்டு பேசுமாயின், நாவடக்கம் இன்னதென்பதை நம் பிள்ளைகள் கண்ணால் காண்பர்.